நாற்பத்தேழாம் காற்றாடியின் கீழே

'பசுமை வளாகம்' என்று பலகை நட்டார்கள்.
பலகை மட்டும் நின்றது.
குரோட்டன்சும் செம்பருத்தியும் சித்திரை தாண்டவில்லை.
முப்பந்தல் காற்று இலையைத் தின்னாது,
உறிஞ்சிவிட்டுத் துப்பும்.

எனக்குக் கேட்டில் இருந்து வண்டி எண் எழுதுகிற வேலை.
ஒரு நாளைக்கு மூன்று வண்டி.
மற்ற நேரம் சரளைக்கல்லைப் பார்க்கலாம்,
மூன்று றெக்கையின் நிழல் அதன்மேல் வந்து வந்து போவதை எண்ணலாம்.
எண்ணியிருக்கிறேன்.

ஆரல்வாய்மொழி ஸ்டேஷனில் இறங்கி
தண்டவாளத்து ஓரமாக நடந்தபோது
காய்ந்த ஆவாரை நெற்று கிலுகிலுத்தது.
ஒரு கை உருவி டிபன் பாக்சில் போட்டேன்.

முதல் விதைப்பில் ஒன்றும் வரவில்லை.
'கல்லுக்குள்ள கல்லைப் போட்டா என்னத்த முளைக்கும், லீலா?'
இரவு ஷிப்ட் தாணுமூர்த்தி சிரித்தார்.
இரண்டாம் முறை
பிளாஸ்கில் மிஞ்சிய வெந்நீரை விதைமேல் ஊற்றி
விடியும்வரை மூடிவைத்தேன்.
சிலதுக்குச் சூடு பட்டால்தான் தோல் இளகும்.
பதினொன்று முளைத்தது.
எறும்புக்கும் ஆட்டுக் குளம்புக்கும் போக
நாலு.

முறிந்த றெக்கைத் துண்டொன்று
வேலியோரம் கிடந்தது, ஆளுயரம், வெள்ளை பைபர்.
அதை மேற்கே சாய்த்து நிறுத்தினேன்.
காற்றைப் பிடிக்கச் செய்த பொருள்
நாலு நாற்றுக்காகக் காற்றைத் தடுத்து நின்றது.

கைகழுவிய தண்ணீர்தான் ஊற்றினேன்,
கார்த்திகை வரைக்கும்.
பிறகு நிறுத்தினேன்.
அதுதான் கஷ்டம்.
பாட்டிலோடு போய் நின்றுவிட்டு
நானே குடித்துத் திரும்புவேன்.
வேர் கீழே எதையோ தேடிப் போகையில்
மேலிருந்து கூப்பிடக்கூடாது.

இரண்டாம் வருஷம் ஆனியில் பூத்தது.
மஞ்சள் என்றால்
மத்தியான வெயிலே கொஞ்சம் ஒதுங்கிப்போகிற மஞ்சள்.
பூத்தது, உதிர்ந்தது, பூத்தது, உதிர்ந்தது.
ஒரு காய் கிடையாது.
சிறுதேனீ வந்து உட்காரும்,
கிளை ஆட்டும் ஆட்டத்தில் தூக்கி எறியப்படும்.
பூவைக் கிள்ளிப் பார்த்தேன்.
தேன் இல்லை.
மகரந்தப் பைகள் பூட்டிய உண்டியல்போல;
நுனியில் ஊசி முனையளவு ஓட்டை.
இதை யார் வந்து திறப்பது?

மாசியில் காற்று விழுந்தது.
நாற்பத்தேழு நின்றது.
நாற்பத்தாறும்.
மலையடிவாரம் முழுக்க
கைவிரித்து நிற்கிற வெள்ளை ஆட்கள்.
ரெஜிஸ்டரில் எழுதினேன்: உற்பத்தி, பூஜ்யம்.

அப்போது ஒரு முரலல்.
காற்றாடி எழும்புகிறதென்று அண்ணாந்தேன்.
அசையவில்லை.
சத்தம் என் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.
கட்டைவிரல் பருமன், கருநீல இறக்கை,
ஒரு கருவண்டு பூவை அணைத்துக்கொண்டு
பறக்காமலே இறக்கைத் தசையை அதிரவிட்டது.
அந்தச் சுருதிக்குத்தான் பூட்டு திறக்கும்போல.
மஞ்சள் பொடி புகைந்து அதன் வயிற்றில் படிந்தது.

எங்கே போகிறதென்று பின்னாலேயே போனேன்.
என் கேபினுக்குத்தான்.
ஆஞ்சிலி நிலைப்படியில்
வட்டமாக, துளைபோட்டது மாதிரி, ஒரு வாசல்.

போன வருஷம்
ரெஜிஸ்டர்மேல் மரப்பொடி கொட்டுகிறதே என்று
அதே சட்டத்தில் ஐந்து ஓட்டைகளை
மெழுகுவர்த்தி உருக்கி அடைத்தவள் நான்.
மின்சாரம் செய்கிற இடத்தில்
கேபினுக்கு மட்டும் அடிக்கடி கரண்ட் இருக்காது;
மெழுகுக்குப் பஞ்சமில்லை.
காய் ஏன் பிடிக்கவில்லை என்று
செடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், வருஷம் முழுக்க.

கொண்டை ஊசியால் தோண்டினேன்.
நாலு ஓட்டை காலி.
ஐந்தாவதில்
காய்ந்த மஞ்சள் உருண்டை ஒன்று,
அதன்மேல் கறுப்பாக என்னவோ.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் காய்கள் தொங்கின,
பச்சையாய், தட்டையாய், எண்ணமுடியாமல்.
மேற்பார்வைக்கு வந்த ஜெபமோகன் சார்
நிலைப்படியைத் தட்டிப் பார்த்தார்.
'அரிச்சுப்போச்சு. இரும்புல மாத்திரலாம்.'
மாத்துங்க சார் என்றேன்.
பழையதை விறகுக்கு ஏற்றவிடவில்லை.

இப்போது அது
றெக்கைத் துண்டின் மறைவில் செடிகளுக்கு நடுவே நிற்கிறது,
சுவர் இல்லாத ஒரு வாசல்.
காலையில் வந்ததும்
எத்தனை ஓட்டை என்று பார்ப்பேன்.
இன்றைக்கு ஒன்பது.
அதற்கு ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை;
வண்டி எண் பகுதியில் எழுதிவைத்தேன்.